பாதியில் நின்ற கொக்கரக்கோ

காலை மணி ஐந்து முப்பத்தைந்து. ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில், கோழிக்கூண்டுக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தான் மீட்டர்.

பதினோரு வருஷம் டாக்சி ஓட்டியவன். வண்டி நின்ற பிறகும் வாய் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் சக டிரைவர்கள் வைத்த பெயர் அது; அம்மா அப்பா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். துப்பறியும் வேலைக்கு வந்த இந்த நான்கு வருஷத்தில், வீட்டுக்குத் தெரியாமல் சீட்டாடப் போன ஒரு மாமனாரை, இரண்டு குடும்பம் நடத்திய ஒரு பல் டாக்டரை, தன் கடைக்குத் தானே தீ வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுத ஒருவனை எல்லாம் கண்காணித்திருக்கிறான். கோழிகளைக் கண்காணிப்பது இதுதான் முதல் தடவை.

"நாலு பேரும் அசையலை மேடம்," என்று கிசுகிசுத்தான். "இவங்க மேல சந்தேகப்பட மனசே வரலை. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுறாங்க, கெட்ட சகவாசம் கிடையாது, ஃபோன் கிடையாது..."

"வாயை மூடிட்டுக் கண்ணைத் திறந்து வைங்க," என்றார் மேடம்.

மேடத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. தபால் இலாகாவில், முகவரி சரியில்லாத கடிதங்கள் வந்து சேரும் அறையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவர். 'பச்சைக் கதவு, குரைக்கிற நாய், அத்தை' என்று மட்டும் எழுதியிருந்த ஓர் உறையைச் சரியான அத்தையிடமே சேர்த்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். விருப்ப ஓய்வு பெற்றதும் ஒரு சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை பிடித்துத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். இப்போது மொட்டை மாடியின் நடுவே, இடுப்பளவு சுவர் கட்டிய ஒரு சதுரப் பள்ளத்தின் ஓரம் நின்றுகொண்டு, கையில் கடிகாரத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளம் கட்டடத்தின் அடி வரைக்கும் போகிறது. காற்றும் வெளிச்சமும் வருவதற்காக விட்ட கூண்டு அது.

வழக்கைக் கொண்டுவந்தவள் ஏழாம் மாடியில் குடியிருக்கும் ஒரு பெண். லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பாதி லிஃப்ட்டுகள் அவள் கையால்தான் ஏறி இறங்குகின்றன. அவள் கணவர் பஸ் டிரைவர். எட்டு மாதத்துக்கு முன் பணிமனையில் எண்ணெய் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் மனிதர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் அப்படியே படுத்திருந்தார். மெக்கானிக் கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒருநாள் நான்கு கோழிக்குஞ்சுகளை வாங்கிக்கொண்டு வந்து மொட்டை மாடியில் விட்டுவிட்டு, எனக்கு வேலைக்கு நேரமாகிறது, அதுகளுக்குத் தண்ணீர் வைக்க ஆளில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டாள். லிஃப்ட் ஏழாம் மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் இருபத்திரண்டு படி. அன்று மதியம் டிரைவர் கைத்தடியை ஊன்றி அந்த இருபத்திரண்டு படியையும் முக்கால் மணி நேரத்தில் ஏறினார். இப்போது தினம் இரண்டு தடவை ஏறுகிறார்.

குஞ்சுகள் வளர்ந்து கோழிகளாகிவிட்டன. டீச்சர், பெரியம்மா, மாமியார், வக்கீல் என்று பெயரும் வைத்தாயிற்று. அந்த ஊர் நகரசபை விதிப்படி ஒரு கட்டடத்தில் நான்கு கோழிகள் வரை வளர்க்கலாம். சேவல் மட்டும் கூடாது. வந்த வினை அதுதான். மூன்று வாரமாகக் காலையில் கட்டடத்தில் சேவல் கூவுகிறது. எல்லா வீட்டுக்கும் கேட்கிறது. டிரைவரோ தன்னிடம் சேவலே இல்லை என்று சத்தியம் செய்கிறார். அன்று மாலை ஆறு மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். ஓட்டு எதிராகப் போனால் நான்கு கோழிகளும் மறுநாளே கிளம்ப வேண்டும். அப்படிக் கிளம்பினால் தனக்கு மேலே ஒரு வேலையும் இல்லை என்று கணவர் சொன்னதையும் மெக்கானிக் மேடத்திடம் சொன்னாள்.

மணி ஐந்து நாற்பது ஆயிற்று.

கொக்கரக்கோ.

மீட்டர் பக்கெட்டோடு சரிந்து, சமாளித்து, டார்ச்சைக் கோழிக்கூண்டுக்குள் அடித்தான். இரண்டாவது தடவையும் கேட்டது. மூன்றாவது தடவை 'கொக்கரக்' வரைக்கும் வந்து, கத்தரித்தாற்போல் நின்றுவிட்டது. டீச்சர் கண்ணைத் திறந்து டார்ச்சை முறைத்தாள். பெரியம்மா அலகைத் திறக்கவில்லை. மாமியார் இறக்கையை ஒரு தரம் சிலிர்த்துக்கொண்டாள். வக்கீல் மாமியாருக்குப் பின்னால் இருந்ததால், அவள் முகம் மட்டும் தெரியவில்லை.

"வக்கீல்தான் மேடம்," என்றான் மீட்டர். "ஆள் மறைவில நின்னு வேலையை முடிச்சிட்டா."

மேடம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அந்த இடுப்பளவு சுவரின் மேல் கையை ஊன்றி, பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு, சேவலுக்கு எதிராக முன்னால் நின்ற சங்கச் செயலாளர் நேரில் பார்வையிட வந்தார். மூன்றாம் மாடிக்காரர், மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கிறார். நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருஷம் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். மடிப்புக் கலையாத சட்டை, கக்கத்தில் கோப்பு, சட்டைப் பையில் நன்றாகச் சீவிய இரண்டு பென்சில்கள். அவரிடம் யார் எதைச் சொன்னாலும், எழுத்தில் கொடுங்கள் என்பதுதான் பதில். லிஃப்ட்டில் பின்னால் நின்று வணக்கம் சொன்னால் திரும்பமாட்டார், அதையும் எழுத்தில் கேட்பார் என்று கட்டடத்தில் ஒரு பேச்சு உண்டு. பேசும்போது எதிரே இருப்பவரை வெயில் முகத்தில் அடிக்கிற மாதிரி நிறுத்தி வைத்து, கண் கொட்டாமல் பார்ப்பார். குறுக்கு விசாரணை செய்கிற வக்கீல்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் போலிருக்கிறது என்று மீட்டர் நினைத்துக்கொண்டான்.

டிரைவர் கைத்தடியோடு மேலே வந்து கூண்டைத் திறந்துவிட்டார். "இறங்குங்க, இறங்குங்க, படியில நிக்காதீங்க," என்று அவர் சொல்ல, கோழிகள் வரிசையாக இறங்கின. மாமியார் மட்டும் வாசலில் நின்றாள். "அம்மா, முன்னாடி போங்க. பின்னாடி இருக்கிறவங்களும் இறங்கணும்ல." மாமியார் இறங்கினாள்.

செயலாளர் பென்சிலால் வக்கீலைச் சுட்டிக் காட்டினார். மற்ற மூன்றின் கொண்டையும் சின்னதாக இருக்க, இதன் கொண்டை மட்டும் ஏன் இப்படிச் சிவந்து கிடக்கிறது என்று கேட்டார். மற்ற மூன்றும் முட்டையிட ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, இது ஒன்றுகூட இடவில்லை என்பதை டிரைவரே ஒப்புக்கொண்டார் அல்லவா என்றார். ஆகவே இது சேவல் என்று முடித்துக் கோப்பைத் திறந்தார்.

மேடம் மீட்டரைப் பார்த்து, அதைக் கொஞ்சம் பிடியுங்கள் என்றார். அவன் வக்கீலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு பக்கெட்டின் மேல் உட்கார்ந்தான். தன் சந்தேகத்தையே செயலாளரும் சொன்னதில் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். கோழியின் கொண்டையைச் சபைக்குக் காட்டியபடி தன் வாதத்தைத் தொடங்கினான். காலையில் கூவல் கேட்டபோது இது ஆள் மறைவில் நின்றதையும், விசாரணைக்கு வந்த பிறகும் முகத்தில் ஒரு பயமும் தெரியாததையும், இப்படி அடக்கமாக உட்கார்ந்திருப்பதே பழகிய குற்றவாளியின் லட்சணம் என்பதையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். அவ்வளவு பேசிக்கொண்டு வந்தவன் திடீரென்று வாயை மூடினான். நான்கு வருஷத்தில் மேடம் அந்த அமைதியைக் கேட்டது இது மூன்றாவது தடவை.

"என்ன ஆச்சு?" என்றார் மேடம்.

"மேடம், மடி சுடுது."

மெல்ல எழுந்தான். மடியில், சின்னதாக, வெதுவெதுப்பாக, ஒரு முட்டை. வக்கீல் கீழே குதித்து, தான் செய்ததை ஊருக்கே அறிவிப்பதுபோல் கொக்கரித்துக்கொண்டு நடந்தாள். டிரைவர் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு முட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். முதல் முட்டை, முதல் முட்டை என்று அவர் மனைவிக்கு ஃபோன் செய்து சொன்ன குரலைக் கேட்டால், வீட்டில் பேரக்குழந்தை பிறந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கைத்தடி இல்லாமல் நான்கு அடி நடந்ததை அவரே கவனிக்கவில்லை.

செயலாளர் முட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கோப்பில் 'முட்டை ஒன்று' என்று எழுதினார். சேவலை வேறெங்காவது ஒளித்து வைத்திருக்கலாம், எதுவானாலும் மாலை ஆறு மணிக்குப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

மீட்டருக்குச் சுருதி இறங்கிவிட்டது. எதிர்த்தரப்பு இப்படி மடியிலேயே சாட்சியத்தைத் தாக்கல் செய்யும் என்று எதிர்பார்க்கவில்லை என்றான். கொண்டை சிவந்தால் முட்டை வரப்போகிறது என்று அர்த்தம், அது டிரைவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்றார் மேடம்.

"அப்ப என்னை ஏன் பிடிக்கச் சொன்னீங்க?"

"எப்ப வரும்னுதான் தெரியாது. நீங்க சும்மாதானே இருந்தீங்க."

மேடம் வேலையை ஆரம்பித்தார். நான்காம் மாடியில் ஒரு நர்ஸ் இருந்தாள். ராத்திரி ஷிஃப்ட் இல்லாத நாட்களில் காலை ஏழு வரை தூங்க வேண்டியவள். சேவலைப் பற்றி அதிகம் புகார் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. வீட்டுக்குள் எந்த இடத்தில் சத்தம் அதிகம் என்று மேடம் கேட்டதற்கு, குளியலறையில் என்றாள்; பல் துலக்கும்போது கேட்டால், சேவல் தண்ணீர்க் குழாய்க்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறதாம். தினமும் கேட்கிறதா என்றதற்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிம்மதி என்றாள். சொல்லி முடித்த பிறகு அவளுக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். கதவைச் சாத்தாமல் யோசித்துக்கொண்டு நின்றாள்.

மாடிப்படியில் மீட்டர் விரலை மடக்கினான். "ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குற சேவல். சர்க்கார் உத்தியோகமா மேடம் அதுக்கு?"

"அது ஒண்ணு. இன்னொண்ணு, எந்தச் சேவலாவது பாதி கூவிட்டு நிறுத்திப் பார்த்திருக்கீங்களா?"

அவன் யோசித்தான். பாட்டுப் பாடுகிறவனுக்கு இருமல் வரலாம், பேசுகிறவனுக்கு விக்கல் வரலாம். கூவ ஆரம்பித்த சேவல் வேண்டாமென்று நடுவில் நிறுத்தி அவன் கேட்டதில்லை. யாரோ நிறுத்தினால்தான் நிற்கும். அப்படியென்றால் அதற்கு நிறுத்துகிற பொத்தான் ஒன்று இருக்கிறது.

"எந்த வீட்டிலன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இருபத்தெட்டு வீடு இருக்கு."

மேடம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை மீட்டருக்குத் தெரியும். சென்ற முறை அப்படிப் பார்த்த பிறகுதான் அவன் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று மணி நேரம் மணப்பெண்ணின் சித்தப்பாவாக இருக்க நேர்ந்தது.

எல்லா வீட்டுக் குளியலறை ஜன்னலும் அந்தக் காற்றுக் கூண்டைப் பார்த்துத்தான் திறக்கின்றன. ஆகவே மீட்டர் ஒவ்வொரு மாடியிலும் ஒரு வீட்டில் அனுமதி வாங்கி, குளியலறைக்குள் போய், ஜன்னலைத் திறந்து கூவ வேண்டும். மேடமும் டிரைவரும் மேலே நின்று, காலையில் கேட்ட சத்தத்தோடு ஒப்பிடுவார்கள். டிரைவருக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். மூன்று வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்த சத்தமாயிற்றே.

மீட்டர் ஆறாம் மாடியில் கூவினான். கிட்டத்தில் கேட்கிறது, இது இல்லை என்று ஃபோனில் பதில் வந்தது. இரண்டாம் மாடியில் ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்ட பிறகு கூவினான். ரொம்ப ஆழம். ஐந்தாம் மாடியில் ஒரு தாத்தா பக்கத்தில் நின்று, தொண்டையை இன்னும் திறக்கணும் தம்பி என்று திருத்தம் சொன்னார். நான்காம் மாடியில் நர்ஸ், இவ்வளவு நாளும் இதுதானா என்று சந்தேகமாகப் பார்த்தாள். ஐந்திலும் நான்கிலும் இன்னும் இல்லை, இன்னும் கொஞ்சம் கீழே என்றுதான் பதில். நான்குக்குக் கீழே, இரண்டுக்கு மேலே. கணக்குப் போட மீட்டருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

மூன்றாம் மாடியில் நான்கு வீட்டில் மூன்று பூட்டிக் கிடந்தன. திறந்திருந்தது செயலாளர் வீடு.

குளியலறை ஜன்னலைப் பார்வையிட அனுமதி வேண்டும் என்று மேடம் சொல்லித்தந்தபடி எழுத்தில் கொடுத்தான். செயலாளர் அதைப் படித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, அவனை உள்ளே விட்டுவிட்டு, முன்னறையில் குளியலறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். குளியலறைக்கும் அந்த நாற்காலிக்கும் ஆறு அடிதான் இருக்கும். மீட்டர் கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, இந்த மனிதர் என்ன சொல்லித் திட்டப்போகிறாரோ என்ற பயத்தோடு, உயிரைக் கொடுத்துக் கூவினான்.

ஃபோனில் டிரைவரின் குரல் வந்தது. "இதேதான். அச்சு அசல்."

மீட்டர் வெளியே வந்தான். மன்னிப்பு வாசகம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. செயலாளர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். தலை அசையவில்லை. மீட்டர் அங்கேயே நின்று, இந்தத் தடவை சும்மா, அவருடைய முதுகைப் பார்த்து இன்னொரு தரம் கூவினான். செயலாளர் விரலை எச்சில் தொட்டு இன்னொரு பக்கத்தைத் திருப்பினார்.

மீட்டர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். வெயில் முகத்தில் அடிக்கிற மாதிரி ஆளை நிறுத்தி வைப்பது, கண் கொட்டாமல் வாயையே பார்ப்பது, எதையும் எழுத்தில் கேட்பது, லிஃப்ட்டில் பின்னால் நின்று வணக்கம் சொன்னால் திரும்பாதது. மூன்று வாரமாகச் சேவலைப் பற்றிக் கட்டடத்திலேயே அதிகம் சத்தமாகப் பேசியவர் இவர். அந்தச் சேவலை ஒரு நாளும் கேட்காதவரும் இவர்தான்.

அவன் மேடத்தைக் கூப்பிட்டான். ஃபோனில் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "நீங்களே வாங்க மேடம்," என்று மட்டும் சொன்னான்.

மேடம் வந்தார். செயலாளருக்கு எதிரே, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் பேசாமல் ஒரு தாளில் ஒரு வரி எழுதி அவர் முன்னால் தள்ளினார். உங்களுக்கு எவ்வளவு நாளாகக் காது கேட்கவில்லை?

செயலாளர் அதைப் படித்தார். தாளை நான்காக மடித்தார். பென்சில்கள் இருந்த பையில் வைத்தார். பிறகு, ரெண்டு வருஷம் ஆகுது என்றார்.

முப்பத்தொரு வருஷம் ஒரு சொல் விடாமல் காதால் வாங்கிக் கையால் எழுதியவர். சாட்சியின் முணுமுணுப்பைக்கூடத் தவறவிடாதவர் என்று நீதிபதிகளே சொன்ன காது. அது போய்விட்டது என்பதை வெளியே சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டு காலத்தை ஓட்டினார். தூரத்து ஊரில் இருக்கும் மகளுக்கு மட்டும் தெரியும். காது கேட்காதவர்களுக்கென்றே செய்கிற ஒரு கடிகாரத்தை அவள்தான் வாங்கி அனுப்பினாள். மெத்தைக்கு அடியில் ஒரு வட்டத் தகடு, அதிலிருந்து வயர், வயரின் முனையில் கடிகாரம். நடைப்பயிற்சிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் படுக்கை அதிரும். ஞாயிற்றுக்கிழமை அவர் நடப்பதில்லை.

மேடம் படுக்கையறைக்குள் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரிலிருந்த பிளக் கரிந்து கிடந்தது. எப்போது என்று கேட்டார். மூன்று வாரம் என்றார் செயலாளர். அதனால் கடிகாரத்தை வேறு பிளக்குக்கு மாற்றிவிட்டாராம். வேறு பிளக் இருந்தது காற்றுக் கூண்டைப் பார்த்த ஜன்னலின் ஓரம். கடிகாரம் ஜன்னல் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் ஒரு சின்னத் தள்ளு பொத்தான். மணி, சேவல், சத்தமில்லை என்று மூன்று படங்கள். இடம் மாற்றும்போது விரல் பட்டிருக்க வேண்டும். பொத்தான் சேவல் மேல் நின்றது.

மேடம் கடிகாரத்தை அவர் உள்ளங்கையில் வைத்து, விசையை அழுத்தினார். கட்டடமே திரும்பிப் பார்க்கும் சத்தம். செயலாளருக்கு விரல்களில் அதிர்வு மட்டும் தெரிந்தது. இதைத்தான் தினம் காலையில் எழுந்து வந்து அமுக்கி நிறுத்துவதாகச் சொன்னார். பிறகு மீட்டர் பக்கம் திரும்பினார்.

"எப்படிக் கூவுது? செஞ்சு காட்டுங்க."

மீட்டர் செய்து காட்டினான். அவர் அவன் வாயை உற்றுப் பார்த்தார்.

"இவ்வளவு கேவலமாவா?"

"இல்ல சார்," என்றான் மீட்டர். "அது நல்லாதான் கூவும். நான்தான் இப்படி."

காதில் விழாத சேவலைப் பற்றி ஏன் எல்லாருக்கும் முன்னால் நின்று புகார் செய்தீர்கள் என்று மேடம் கேட்டார். செயலாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "எல்லாரும் சேவல் சேவல்னு பேசினாங்க. எனக்குக் கேக்கலையேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஏன் கேக்கலைன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குப் பயந்துதான் நான் முதல் ஆளா நின்னேன்."

மேடம் பொத்தானைச் சத்தமில்லை என்ற படத்துக்குத் தள்ளினார். கடிகாரம் என்று மட்டும் கூட்டத்தில் சொல்வேன், யாருடையது என்று சொல்லமாட்டேன் என்றார். செயலாளர் தலையை அசைத்தாரா இல்லையா என்பது மீட்டருக்குத் தெரியவில்லை.

மாலை ஆறு மணிக்குக் கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் கூடியது. செயலாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து குறிப்பெழுதினார். மேடம் எழுந்து நான்கே வரியில் முடித்தார். கட்டடத்தில் சேவல் இல்லை. வக்கீல் கோழிதான், அதற்கு அத்தாட்சி என் உதவியாளரின் பேண்ட்டில் இருக்கிறது. கேட்டது ஒரு கடிகாரத்தின் சத்தம். அதை நிறுத்தியாயிற்று.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. யாருடைய கடிகாரம் என்று நர்ஸ் கேட்டாள். சொல்ல முடியாது என்றார் மேடம். ஏன் சொல்ல முடியாது என்று ஐந்தாறு குரல். சொல்ல முடியாதென்றால் அது உங்களிடம் வழக்கைக் கொடுத்தவர்களுடையதாகத்தான் இருக்கும் என்றார் ஒருவர். மற்றவர்களுக்கு அது பிடித்துப் போயிற்று. மெக்கானிக் எழுந்து, எங்கள் வீட்டில் அப்படிக் கடிகாரமே கிடையாது, வேண்டுமானால் வந்து தேடுங்கள் என்றாள். பேச்சு தடித்தது. டிரைவர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தன்னால் இவ்வளவு பேர் சண்டை போட வேண்டாம், கோழிகளை நாளைக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார். சொல்லிவிட்டுக் கைத்தடியின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீட்டர் மேடத்தைப் பார்த்தான். மேடத்தின் உதடு இறுகியிருந்தது. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அவன் வாயைத் திறந்தாலும் வேலை போய்விடும். வேலை போனால் போகட்டும் என்று அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தபோது, மேசையில் பென்சில் வைக்கும் சத்தம் கேட்டது.

செயலாளர் எழுந்து நின்றார். தான் எழுதிக்கொண்டிருந்த குறிப்பை எடுத்து, நீதிமன்றத்தில் வாக்குமூலத்தை வாசிக்கிற அதே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். "சத்தம் மூன்றாம் மாடியில், செயலாளர் வீட்டுக் கடிகாரத்திலிருந்து வந்தது. செயலாளர் அதைக் கேட்கவில்லை. செயலாளருக்கு இரண்டு வருஷமாகக் காது கேட்காது. கோழி வளர்த்த குடும்பத்தின் மேல் தவறு இல்லை. இது இன்றைய கூட்டத்தின் பதிவு." தாளைக் கீழே வைத்தார். "ஆட்சேபணை இருந்தா சொல்லலாம். ஆனா என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. இல்லைன்னா எனக்குத் தெரியாது."

அவரைத் திமிர் பிடித்தவர் என்று இரண்டு வருஷம் பேசியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரைவர்தான் முதலில் எழுந்தார். தடியை ஊன்றி மேசை வரைக்கும் நடந்து, அவர் எதிரே நின்று, ஒவ்வொரு சொல்லாக வாயைத் திறந்து, ஆட்சேபணை இல்லை என்றார். பிறகு ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். செயலாளர் கைகளை எண்ணி எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மேடத்தின் கட்டணத்தை வாங்கிவர மீட்டர் அந்தக் கட்டடத்துக்குப் போனான். ஆறு முட்டை என்று மெக்கானிக்கோடு பேசி முடித்திருந்தார்கள்.

வாசலில் பள்ளி வேன் ஒன்று நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஏற ஒரு குழந்தையும் வரவில்லை. ஒரு ஜன்னலும் திறந்திருக்கவில்லை. பால் பாக்கெட்டுகள் வாசல்தோறும் அப்படியே கிடந்தன. கட்டடத்துக்கு என்ன நேர்ந்ததென்று மீட்டருக்குச் சற்று நேரம் புரியவில்லை. புரிந்ததும் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூன்று வாரமாகத் திட்டித் திட்டியே அத்தனை பேரும் அந்தச் சேவலுக்குப் பழகிவிட்டார்கள். அலாரம் வைக்கிற பழக்கமே கட்டடத்தில் போய்விட்டது.

மேலேயிருந்து தடதடவென்று கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஏறிப் போய்ப் பார்த்தான். நடைப்பயிற்சி முடித்து வந்த காலணியோடு, நெற்றியில் வேர்வையோடு, செயலாளர் நர்ஸின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் அன்று நேரத்துக்கு எழுந்தவர் அவர் ஒருவர்தான். ஏழாம் மாடியிலிருந்து ஒவ்வொரு வீடாகத் தட்டி எழுப்பிக்கொண்டு இறங்கி வருகிறார்.

உள்ளேயிருந்து நர்ஸின் குரல் வந்தது. எழுந்தாச்சு, வர்றேன். அவர் தட்டினார். வர்றேன்னு சொல்றேன்ல என்று குரல் உயர்ந்தது. அவர் இன்னும் ஓங்கித் தட்டினார். கதவு திறந்து, தலைவிரி கோலமாக ஒரு முகம் எட்டிப் பார்த்த பிறகுதான் கையை இறக்கினார்.

"மணி ஏழு அஞ்சு," என்றார் செயலாளர். அவள் முகத்தைப் பார்த்து அவள் என்ன சொல்கிறாள் என்று பொறுமையாகப் படித்தார். பிறகு தலையை ஆட்டி, அடுத்த கதவுக்குப் போனார்.